தலையடியும் சிறைவாழ்வும்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் நாட்டில் எழுத்தறியாதாரும் வழங்கும் பழமொழி. அத்துணைச் சிறப்புடைய தலையின்கண் ஒருவர் அடிபட்டாராயின் நாம் செய்வது யாது? குருதி பெருகுகின்றதா என்று பார்க்கின்றோம், பெருகின் கட்டுகின்றோம், பெருகாதாயின், "ஒன்றுமில்லை, எழுந்து நட" என்று தேற்றி அனுப்பிவிடுகின்றோம். கையொடிந்தவன் கட்டுடன் திரிகின்றான்; கண்டார் இரங்கி வழிவிடுகின்றனர். தலைக்குள் ஊறுபட்டவனுக்கோ புறத்தே கட்டொன்றும் இல்லை. ஆகலின் இரங்குவாரும் இல்லை. இவ்வாறு அடிபட்டாருட் பெரும்பாலார் சின்னாளிற் குணமடைந்து தத்தம் தொழிலுக்கு மீளுகின்றனர். குணமடையாத ஏனையோர் எங்கே இருக்கின்றனர் என்று தேடிப் புறப்பட்ட அறிஞர் சிலர், அவருள் ஒரு பகுதியாரை மருத்துவமனையிற் காணவில்லை, சிறைச்சாலையிற் கண்டனர். அவ்வாராய்ச்சியின் பயனை நம் கல்லூரி நண்பர்கட்கு விளங்க எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் மூளையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். வளர்ந்த மனிதனது மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. கட்டித் தயிர்போல் நெகிழ்ச்சியுடையது. மண்டையோடென்னும் எலும்புப் பேழையுள், தெளிந்த நீர் சூழ, மிதந்து நிற்பது. விரைந்தோடும் வண்டி திடுமென நிற்குமாயின் உள்ளிருப்போர் முன்னே சென்று மோதுதல் இயல்பு. அங்ஙனமே, தலை ஒன்றன்மேல் மோதி நின்றவுடன் உள்ளிருக்கும் மூளை தான் நில்லாது சென்று பேழையின் சுவரிற் படுகின்றது. பின்னர் எதிர்ப்புறச் சுவரையும் தாக்குதல் உண்டு. அப்பேழையின் பின்புறச் சுவர் பெரிதும் வழவழப்பானது. நெற்றிக்கும் பொட்டுக்கும் நேரேயுள்ள அடித்தளமோ கரடுமுரடான எலும்பு விளிம்புகளை உடையது. எப்புறத்தில் அடிபடினும் மூளையின் முற்பகுதியும் பொட்டுப் பகுதியுமே மிகுதியும் ஊறுபடுதற்கு இஃதொரு காரணம்.

அன்றியும், தலை வேகமாகச் சுழன்று திரும்புங்கால், மூளையினுள்ளே பரந்து கிடக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு முறுக்குண்டு அறுகின்றன. தலைக்காயத்தின்பின் அறிவு மழுங்கி இறந்தார் சிலரது மூளையை நுண்பெருக்கியால் ஆராய்ந்து, இவ்வுண்மையை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார் ஆக்ஸ்போர்டு நகரத்துச் சபீனா ஸ்ட்ரிச் என்னும் அம்மையார். மண்டை உடையாமலே மூளை ஊறுபடலாம் என்பதும், குருதி ஒரு துளியும் வாராமலே ஒருவன் வாழ்வு மாறிவிடலாம் என்பதும் இதனாற் பெறப்படும். இற்றை நாளில் வழங்கும் ஸ்கேன் படங்களிலும் இலேசான தலைக்காயங்கள் பல புலப்படுவதில்லை.

இனி, நெற்றியின் பின்னே உள்ள மூளைப்பகுதி ஆற்றும் தொழில் யாது என்பதை நோக்குவாம். கண்ணாற் காண்பதும் காதாற் கேட்பதும் அதன் தொழிலல்ல. இன்று செய்வதனால் நாளை விளைவது யாது என்று முன்னறிவதும், செய்யத்தக்கவற்றை முறைப்படுத்துவதும், ஒன்றிற் கருத்தூன்றி நிற்பதும், பிறர் முகக்குறிப்பால் அவருள்ளத்தை உணர்வதும், எல்லாவற்றினும் மேலாகச் சினமும் ஆசையும் எழுந்தவிடத்துப் "பொறு" என்று தடுத்து நிறுத்துவதும் அதன் தொழில்கள். குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ அப்படி மனத்துக்கு இப்பகுதி. கடிவாளம் அறுந்த குதிரைக்குக் கால் வலிமை குறைவதில்லை. செல்லும் வழிதான் தவறுகின்றது. இப்பகுதியில் ஊறுபட்டவனும் முன்போல் உண்பான், நடப்பான், பேசுவான். ஆயினும் முன்போல் ஒழுகுதல் அவனுக்கு அரிதாகும்.

இதனை உலகுக்கு முதன்முதல் நன்கு விளக்கிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் மாநிலத்துக் கேவண்டிஷ் என்னும் ஊரருகே 1848-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், இருப்புப்பாதை அமைக்கும் வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தான் ஃபினியஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞன். பாறையிற் குடைந்த துளையில் அவன் வெடிமருந்தை இரும்புக் கம்பியால் இடித்துக்கொண்டிருந்தபோது மருந்து தீப்பற்றிற்று. 3 அடி 7 அங்குல நீளமும் 13 ராத்தலுக்கு மேற்பட்ட எடையும் உடைய அக்கம்பி, அவனது இடக் கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலையின் வழியே வெளிப்போந்தது. கண்டார் யாவரும் அவன் இறந்தானென்றே கருதினர். அவனோ சின்னேரத்திற் பேசினான். வண்டியில் அமர்ந்தே தன் இருப்பிடம் சேர்ந்தான். ஜான் ஹார்லோ என்னும் மருத்துவர் பெருமுயற்சியோடு பேணினார். சில திங்களிற் புண் ஆறிற்று. இடக்கண் ஒன்றே ஒளியிழந்தது.

உடம்பு தேறிற்று, குணம் தேறவில்லை. முன்னர் அவன் நிதானமுடையவன். தலைவர்களால் மிகவும் மதிக்கப்பட்டவன். பின்னரோ பொறுமையின்றி, வாய்க்கு வந்தவாறு வசை மொழிந்து, எடுத்த எண்ணமொன்றையும் முடிவு காணாது, நொடிக்கு நொடி மனம் மாறுபவன் ஆயினான். இவன் நம் பழைய கேஜ் அல்லன் என்றே நண்பர்கள் எண்ணினர். முன்பு அவனைப் போற்றிய தலைவர்கள் மீண்டும் அவ்வேலையை அவனுக்கு அளித்திலர். இவற்றையெல்லாம் ஹார்லோ 1868-ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். கம்பி துளைத்த தழும்பு அனைவர்க்கும் தெரிந்தமையின், கேஜின் குணமாற்றத்துக்குக் காரணம் யாதென்று எவரும் மயங்கவில்லை. தழும்பே இல்லாது அடிபட்டவனுக்கு இம்மாற்றம் நேருமாயின் உலகம் என் சொல்லும்? "திமிர் பிடித்தவன்" என்னும், "சோம்பேறி" என்னும், "திருந்தாதவன்" என்னும்.

தலையடிகள் பல மருத்துவர் கண்ணுக்கு எட்டாது ஒழிவதேன் என ஒருவர் வினவலாம். காரணங்கள் பல. மயக்கம் சிறிதுநேரத்தில் தெளிந்துவிடின், அடிபட்டவன் தான் குணமடைந்ததாகவே நினைக்கின்றான். மறதியே அந்நோயின் குறியாதலின், அடிபட்ட செய்தியையும் அவன் பின்னர் மறந்துவிடுதல் கூடும். குடித்தவன் அடிபட்டு விழின், தள்ளாட்டமெல்லாம் குடியால் விளைந்ததென்றே கண்டார் கருதுவர். தெருச் சண்டையில் அடிபட்டவன் காவலர்க்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லான். கணவன் கையால் அடிபட்ட மனைவி நாணத்தாலும் அச்சத்தாலும் மறைப்பாள். தந்தையால் அடிபட்ட குழந்தைக்கோ, அது சொல்லத்தக்கதொரு செய்தி என்பதே தெரியாது. வறுமை இவையெல்லாவற்றையும் மிகுவிக்கும். ஒருநாட் கூலி இழந்தால் அன்று உலை ஏறாத வீட்டில், தலைவலிக்கென்று மருத்துவரை நாடுவார் யார்?

நிற்க. சிறையாளர்பற்றிய ஆராய்ச்சிகளை இனிக் காண்பாம். அமெரிக்க நாட்டு மனநோய் மருத்துவராகிய டாரதி லூயிஸ் அம்மையாரும் அவர்தம் துணைவரும், கொலைத்தண்டனை விதிக்கப்பெற்றுச் சாவை எதிர்நோக்கியிருந்த 15 பேரை ஆராய்ந்து 1986-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அப்பதினைவரும், ஒருவர் தவறாமல், முன்னாளிற் கடுந்தலைக்காயம் உற்றவர்களே. ஆஸ்திரேலிய நாட்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிறைபுகுந்த ஆடவர் 200 பேரை வினவிய ஆராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 82 பேர் ஒருமுறையேனும் தலையடி பட்டவர். நூற்றுக்கு 65 பேர் அதனால் நினைவிழந்தவர். இங்கிலாந்திலே எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஹியூ வில்லியம்ஸ் என்பாரும் உடனாய்ந்தோரும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறையாளர் 196 பேருள் நூற்றுக்கு 60 பேர் தலைக்காயம் உற்றமை தெரிந்தது. அங்ஙனம் உற்றவர்கள் ஏனையோரினும் இளமையிலேயே சிறை புகுந்தவர்களாகவும், மீண்டும் மீண்டும் குற்றம் இழைத்தவர்களாகவும் காணப்பட்டனர்.

பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கு வைத்துக் கணக்கிட்ட மீளாய்வு ஒன்றும் அதே 2010-இல் வந்தது. நினைவிழக்கும்படி தலையடி பட்டவர் சிறையாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர் என்பது அதன் முடிவு. பொதுமக்களிடை இத்தகையோர் எத்துணையர் என்று கணக்கிட்ட மற்றொரு மீளாய்வு, 2013-இல், நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் என்றது. ஊரில் எண்மருள் ஒருவர். சிறையில் இருவருள் ஒருவர். இவ்வேற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் ஒண்ணாது.

சிறையிலுள்ள மகளிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இங்கிலாந்தில் டிரேக் ஹால் என்னும் மகளிர் சிறையில் ஓர் அறநிலையம் நடத்திய ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. வினவப்பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 64 பேர் மூளைக்காயத்துக்குரிய வரலாறு உடையவர். அவருள்ளும் நூற்றுக்கு 62 பேர்க்கு அக்காயம் இல்லத்துக் கொடுமையால் நேர்ந்தது. ஸ்காட்லாந்துச் சிறைகளில் 109 பெண்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டோர், நூற்றுக்கு 78 பேர் பொருட்படுத்தத்தக்க தலைக்காயம் உற்றவரென்றும், நூற்றுக்கு 40 பேர்க்கு அதனால் விளைந்த குறைபாடு நிலைத்திருந்ததென்றும் எழுதினர். சிறைக்கு வெளியேயும் இக்கொடுமை உண்டு. ஈவ் வலேரா என்னும் ஆராய்ச்சியாளர், கணவராலோ உடன்வாழ்வாராலோ அடியுண்ட அமெரிக்கப் பெண்கள் 99 பேரை வினவி 2003-இல் முடிவு வெளியிட்டார். நால்வருள் மூவர்க்கு அவ்வடியால் ஒருமுறையேனும் மூளை ஊறுபட்டிருந்தது. அடித்தவன் வெளியே உலவ, அடியுண்டவள் அவ்வடியின் பயனைச் சிறையிற் சுமந்திருத்தலும் உலகில் உண்டென்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

சிறையாளரே அன்றி வேறு கூட்டத்தாரும் உளர். கனடா நாட்டு டொராண்டோ நகரில் வீடின்றித் திரிவோர் 904 பேரை வினவிய ஆராய்ச்சி 2008-இல் வெளிவந்தது. அவருள் நூற்றுக்கு 53 பேர் தலைக்காயம் உற்றவர். இங்கு நாம் கருதத்தக்கது மற்றொன்று. தெருவில் உறங்குவோர்க்குத் தெருவிலே அடிபடுதல் எளிதென்று நினைப்போம். ஆயின், காயமுற்றாருள் நூற்றுக்கு 70 பேர்க்கு முதற்காயம் நேர்ந்தது அவர் வீடிழப்பதற்கு முன்னரே. ஒவ்வொருவர் திறத்தும் காயத்தாலேதான் வீடு போயிற்று என்று இதனாற் கூறுதல் அமையாது. எனினும், வேலையை இழந்து, உறவினரைப் பகைத்து, ஈற்றில் தெருவுக்கு வந்தவனைக் கண்டு "எல்லாம் இவன் செய்துகொண்டது" என்று கூறுமுன் நம் நா சிறிது தயங்குதல் வேண்டும் என்பது தெளிவு.

விளையாட்டு வீரர்களும் இத்துன்பத்துக்கு விலக்கல்லர். நூற்றுக்கணக்கான அடிகளைத் தலையில் ஏற்ற குத்துச்சண்டைக்காரர் சிலர் பின்னாளில் நா குழறி, நடை தள்ளாடி, அறிவு மயங்குவதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-இல் எழுதினார். மைக் வெப்ஸ்டர் என்பார் பிட்ஸ்பர்க் நகரத்து அமெரிக்கக் கால்பந்துக் குழுவிற் புகழ்பெற்ற வீரர். பிற்காலத்தில் மனம் குலைந்து, சிற்சிலபோது தம் வண்டியிலே உறங்கி வாழ்ந்து, 2002-இல் 50-ஆம் வயதில் இறந்தார். அவரது மூளையைப் பென்னட் ஒமாலு என்னும் மருத்துவர் ஆராய்ந்து, மேலுக்கு ஒன்றும் தெரியாதாயினும் உள்ளே நோயுண்டென்பதை 2005-இல் வெளியிட்டார். வெற்றிக்கோப்பை வாங்கிய நாளில் ஆரவாரித்த மக்கள், தாம் அன்று கண்ட மோதல்களின் விலை இதுவென்று அறிந்திலர்.

போர்வீரர் வரலாறும் இதனோடு ஒக்கும். 1914-இல் தொடங்கிய முதல் உலகப் பெரும்போரில், அருகே குண்டு வெடித்தமையாற் பேச்சிழந்தும் நடுங்கியும் நின்ற வீரர்பற்றி, "குண்டதிர்ச்சி" என்னும் பெயரால், 1915-இல் மருத்துவ இதழில் எழுதினார் சார்லஸ் மையர்ஸ். அதே போரில், களத்தைவிட்டு ஓடினர், கோழைகளாயினர் என்பன முதலிய குற்றங்களுக்காகத் தம் படையினராலேயே சுடப்பட்ட பிரிட்டிஷ் பேரரசு வீரர் 306 பேர்க்குப் 2006-இல் மன்னிப்பு வழங்கப்பெற்றது. குண்டதிர்ச்சியுற்றோரும் அவருள் இருந்தனர் என்னும் வாதமே அம்மன்னிப்புக்கு வலிமை தந்தது. குண்டு வெடிப்பிற் சிக்கிய படைவீரர் சிலரது மூளையில், அதற்கெனவே உரிய வடுக்கள் உளவென்று டேனியல் பெர்லும் உடனாய்ந்தோரும் 2016-இல் நுண்பெருக்கியாற் கண்டறிந்தனர். மன்னிப்பு வந்தது; 90 ஆண்டு தாழ்த்து வந்தது.

அற்றேல், தலையடியே குற்றத்துக்குக் காரணமோ எனின், அங்ஙனம் எளிதிற் கூறிவிடுதல் கூடாது. வறுமை, குடி, தாய்தந்தையரின் கொடுமை, கல்வியின்மை ஆகிய இவை தலையடிக்கும் காரணமாகலாம், குற்றத்துக்கும் காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகள் உதவின. தலைக்காயமுற்றோர் 22,914 பேரைப்பற்றிச் சீனா ஃபாசல் என்பாரும் உடனாய்ந்தோரும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, காயத்தின்பின் வன்குற்றம் புரிந்தவர் நூற்றுக்கு 8.8 பேர், பொதுமக்களுள் அத்தகையோர் நூற்றுக்கு 3 பேர். ஒரே வீட்டிற் பிறந்து வளர்ந்து காயம் படாத உடன்பிறந்தாரோடு ஒப்புநோக்கியபோது இவ்வேற்றுமை குறைந்தது. ஆயினும் ஏறக்குறைய இருமடங்காக நின்றது. அதே ஆராய்ச்சியில் வலிப்புநோய் உடையோரையும் இங்ஙனம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டபோது வேற்றுமை மறைந்தே போயிற்று.

இதனால் நாம் கொள்ளத்தக்க முடிபுகள் இரண்டு. ஒன்று, குடும்பச் சூழலை நீக்கிப் பார்த்தவிடத்தும் தலையடிக்கும் குற்றத்துக்கும் ஒரு தொடர்பு எஞ்சி நிற்கின்றது என்பது. மற்றொன்று, தலையடி பட்டாருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு மேல் வன்குற்றம் எதுவும் புரிந்திலர் என்பது. ஆகலின், அடிபட்டவனைக் கண்டு அஞ்சுதலும் பிழை. அடிபட்டமை பற்றியே ஒருவன் குற்றத்தை இல்லையெனத் துடைத்தலும் பிழை. கொள்ளையிடப்பட்டவனும் அடியுண்டவனும் முறைவேண்டி நிற்கின்றனர்; அவர்தம் துன்பத்தை மறக்கும் இரக்கம் இரக்கமன்று. யாம் வேண்டுவது தண்டனை ஒழிதலை அன்று. தண்டனை பெற்றவன் திருந்துதற்கு உள்ள தடையை அறிதலையே.

அத்தடை சிறையினுள்ளே எங்ஙனம் தோன்றுகின்றது எனின், கூறுதும். காவலர் ஒரே மூச்சில் மூன்று கட்டளை இடுகின்றார். மூளை ஊறுபட்டவன் முதற்கட்டளையை நினைவில் வைப்பதற்குள் மற்றிரண்டும் போய்விடுகின்றன. அவன் வாளா நிற்கின்றான். காவலர் அதனைக் கீழ்ப்படியாமை என்று பதிவு செய்கின்றார். கேட்ட கேள்விக்கு விடை தாழ்த்து வருகின்றது. அது செருக்கென்று கொள்ளப்படுகின்றது. இரைச்சலும் ஒளியும் மிக்க கூடத்தில் அவன் தலை கொதிக்கின்றது, அவன் சீறுகின்றான், அது வன்முறை எனப்படுகின்றது. விடுதலை பெற்றபின், குறித்த நாளில் அதிகாரிமுன் வந்து கையெழுத்திடவேண்டும் என்பது நிபந்தனை. நாளை மறப்பவன் நிபந்தனையையும் மறக்கின்றான். மீண்டும் சிறை புகுகின்றான். சிறையிலோ சண்டையும் தள்ளலும் உண்டு. மற்றுமோர் அடி விழுகின்றது. இங்ஙனம் அடி சிறைக்கு வழியாகவும், சிறை அடிக்கு வழியாகவும் சுழல்கின்றன.

இச்சுழற்சியை அறுத்தற்குப் பெரும்பொருளும் அரிய கருவிகளும் வேண்டும் என நினைத்தல் வேண்டா. முதலில் வேண்டுவது ஒரு வினாவே: "உன் தலையில் எப்போதேனும் பலத்த அடி பட்டதுண்டா?" வெறுமனே இங்ஙனம் வினவின் பலர் "இல்லை" என்றே கூறுவர், அவர் பொய்யுரைப்பதன்று, நினைவுக்கு வாராமையே காரணம். ஆகலின், மரத்திலிருந்து விழுந்ததுண்டா, வண்டி விபத்துண்டா, சண்டையில் அடியுண்டா, கழுத்தை நெரித்தாருண்டா, அப்போது நினைவிழந்தாயா என்று ஒவ்வொன்றாக வினவும் முறையொன்றை அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர் வகுத்து, அதனை ஆராய்ந்த முடிபை 2007-இல் வெளியிட்டனர். சில நிமிடங்களில் முடியும் இவ்வினாமுறை பல நாடுகளிற் கையாளப்பட்டு வருகின்றது.

வினவி அறிந்தபின் செய்யத்தக்கனவும் எளியனவே. கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சுருங்கச் சொல்லுதல், சொல்லியதைத் திருப்பிச் சொல்லச் செய்தல், எழுதிக் கொடுத்தல், நாட்குறிப்பு வைத்துக்கொள்ளப் பழக்குதல், நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வேலை அமைத்தல், சினம் மூளும்போது அமைதியான இடத்துக்குச் செல்ல விடுதல், தூக்கத்தைப் பேணுதல், குடியினின்று விலக்குதல். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரச் சிறை முதலியவற்றில், மூளைக்காயமுற்ற சிறையாளர்க்கும் காவலர்க்கும் இடையே நின்று இவற்றைக் கற்பிக்கும் தொடர்புப் பணியாளர் அமர்த்தப்பட்டனர். கீழ்ப்படியாமைக்குத் தண்டம் விதித்து விதித்துச் சலித்த காவலர்க்கும் இஃது உதவியே அன்றோ?

ஒழுங்கான வாழ்வு ஊறுபட்ட மூளைக்கு எத்துணைத் துணையாகும் என்பதற்கும் மேற்கூறிய கேஜ் என்பவனே சான்று. அவன் கதையைக் கூறுவோர் பலர் அவன் கெட்டமையோடு நிறுத்திவிடுகின்றனர். அவனோ 1852-இல் தென்னமெரிக்கச் சிலி நாட்டுக்குச் சென்று, பல குதிரை பூட்டிய பயணவண்டியை ஏறக்குறைய ஏழாண்டு ஓட்டிப் பிழைத்தான். நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுதலும், குதிரைகளைப் பேணுதலும், அறிந்த பாதையிற் செல்லுதலும், பயணிகளோடு பழகுதலும் அவனை ஒருவாறு நிலைப்படுத்தின என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1859-இல் உடல் தளர்ந்து தாய்நாடு மீண்டவன், வலிப்பு கண்டு 1860-இல் இறந்தான். கடிவாளம் அறுந்த இடத்தில் ஒழுங்கு ஓரளவு கடிவாளமாகலாம் என்பதை அவ்வண்டியோட்டி நமக்குக் கற்பிக்கின்றான்.

இக்கட்டுரையைப் படிப்போர் சிறைக்காவலரும் அல்லர், நீதிபதிகளும் அல்லர். ஆயினும் நமக்கும் இதிற் பங்குண்டு. விளையாட்டிடத்தில் தோழன் தலைமோதி விழுந்தானாயின், அவன் மறுத்தாலும் அன்று அவனை மீண்டும் ஆடவிடலாகாது. வாந்தி, வரவர மிகும் தலைவலி, எழுப்பவொண்ணாத் தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கண்மணிகள் அளவில் வேறுபடுதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இருசக்கர வண்டி ஏறுவார் தலைக்கவசம் அணிதல் சட்டத்துக்கு அஞ்சியன்று, தம் மூளைக்கு அஞ்சியே எனக் கொள்க. நரம்பு அறுவை மருத்துவத்துக்கென இந்தியாவில் முதன்முதல் ஒரு பிரிவு அமைந்தது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயாம். டாக்டர் ஜேக்கப் சாண்டி அதனை 1949-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். நாடுவார்க்கு மருத்துவம் நம்மிடை உண்டு. நாடவேண்டும் என்னும் அறிவே பரவவேண்டுவது.

ஈற்றில் ஒன்று கூறி அமைவாம். சிறையிற் காணப்படாத நோயொன்றைக் கண்டு கணக்கிட்டவர் முன்னும் ஒருவர் இருந்தார். 1773-இல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு மாவட்டத்து ஷெரிப் பதவியேற்ற ஜான் ஹோவர்டு என்னும் பெருமகன், சிறைக்காய்ச்சலால் சிறையாளர் மடிவதைக் கண்டார். சிறையென்றாற் காய்ச்சல் இருக்கத்தான் செய்யும் என்று உலகம் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருந்தது. அவர் விடவில்லை. சிறைதோறும் சென்றார், அறையை அளந்தார், ஆளை எண்ணினார், நீர் உண்டா, காற்று உண்டா என்று வினவினார், வினவியதை 1777-இல் நூலாக வெளியிட்டார். சிறையின் தூய்மை சட்டத்தின் பொருளாயிற்று. காய்ச்சல் உடம்பிலே தெரிவது. தலையடியின் விளைவோ நடத்தையிலே தெரிவது. ஆதலால் இதனைக் காண்டல் அதனினும் அரிது. ஆயினும் முறை ஒன்றே: செல்லுதல், வினவுதல், எழுதுதல். இரக்கத்தின் முதற்படி கண்ணீர் அன்று, வினாவே. அவ்வினாவை இன்னும் கேளாத சிறைகள் அதனைக் கேட்கும் நாள் விரைவில் வருக.